பஸ் நிற்கும் நேரம்

தெற்கு பிரேசிலில் பரானா என்றொரு மாநிலம் இருக்கிறது. அதன் தலைநகர் குரிட்டிபா. 1950-இல் அங்கே சுமார் 1,80,000 பேர்தான் வசித்தார்கள். 1970-இல் அந்த எண்ணிக்கை 6,00,000-ஐத் தாண்டிவிட்டது. வயல்களிலும் காபித் தோட்டங்களிலும் வேலை குறையக் குறைய, மக்கள் குடும்பம் குடும்பமாக நகரத்துக்கு வந்துகொண்டே இருந்தார்கள்.

வருகிறவர்களுக்கு வீடு வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும், வேலைக்குப் போய்வர வண்டி வேண்டும். அந்தக் காலத்தில் வேகமாக வளர்ந்த நகரங்கள் பெரும்பாலும் செய்த வேலை ஒன்றுதான். சாலையை அகலப்படுத்தின, அதுவும் போதாதபோது மேம்பாலம் கட்டின. கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருக்கும். சாலை காலியாக இருக்கிறதே என்று, பஸ்ஸில் போனவர்களும் கார் வாங்குவார்கள். இன்னும் தூரத்தில் புது வீடுகள் முளைக்கும். சில ஆண்டுகளில் அகலமான சாலையும் அடைத்துக்கொள்ளும்.

குரிட்டிபாவோ, நகரத்தைத் திட்டமிடுவதற்கென்றே 1965-இல் ஒரு நிறுவனத்தை அமைத்தது. அங்கே பணியாற்றிய கட்டடக் கலைஞர் ஜைமே லெர்னர், 1971-இல் நகரத்தின் மேயரானார். அப்போது அவருக்கு வயது 33.

அடுத்த ஆண்டே அவர் செய்த ஒரு காரியம் ஊரையே திகைக்க வைத்தது. 1972 மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலையில், நகரின் முக்கியமான கடைத்தெருவில் வேலையாட்கள் இறங்கினார்கள். தார்ச்சாலையைப் பெயர்த்து, நடப்பதற்கு ஏற்ற கற்களைப் பதித்தார்கள். விளக்குகளும் பூத்தொட்டிகளும் வந்தன. மூன்றே நாளில் அது கார் நுழையாத தெருவாகிவிட்டது! வியாபாரம் படுத்துவிடும் என்று பயந்த கடைக்காரர்கள், கூட்டம் பெருகுவதைப் பார்த்ததும் பக்கத்துத் தெருக்களையும் அப்படியே மாற்றச் சொன்னார்கள். கார் வைத்திருந்த சிலர் மட்டும், வண்டியோடு உள்ளே நுழைந்தே தீருவோம் என்று கிளம்பினார்கள். லெர்னர் போலீசைக் கூப்பிடவில்லை. தெரு நெடுக நீளமான காகிதத்தை விரித்துச் சிறுவர்களை ஓவியம் வரைய உட்கார வைத்தார். கார்கள் திரும்பிப் போயின.

கார் வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதுமா? மக்கள் எதில் போவார்கள்? பூமிக்கு அடியில் ரயில் விட அந்த நகரத்திடம் பணம் இல்லை. இருந்தது பஸ்தான். பஸ்ஸையே ரயில் மாதிரி ஓட்ட முடியுமா என்று யோசித்தார்கள். 1974-இல் பஸ்ஸுக்கென்றே தனிப்பாதை வந்தது. பெரிய சாலையின் நடுவில் இரண்டு தடங்கள், அவற்றில் வேறு எந்த வண்டியும் ஏறக்கூடாது. உள்ளூர்க் கார்கள் இருபுறமும் மெதுவாகப் போகலாம். வேகமாகப் போக வேண்டிய கார்களுக்கு அந்தப் பக்கம் ஒரு தெரு, இந்தப் பக்கம் ஒரு தெரு தள்ளி, எதிரெதிர்த் திசைகளில் ஒருவழிச் சாலைகள்.

ஏன் பஸ்ஸுக்கு இவ்வளவு மரியாதை? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 250 பேர் போக வேண்டும். காருக்கு 2 பேர் என்றால் 125 கார்கள். ஒரு காருக்கும் முன்னால் விடும் இடைவெளிக்கும் சேர்த்து 10 மீட்டர் வைத்தால், வரிசை 1,250 மீட்டர் நீளும். அதே 250 பேரையும் குரிட்டிபாவில் இப்போது ஓடும் 28 மீட்டர் நீளப் பஸ் ஒன்றே ஏற்றிக்கொள்ளும். மூன்று பெட்டிகளை ஆர்மோனியத் துருத்தி போன்ற மடிப்புகளால் இணைத்திருப்பதால், அவ்வளவு நீள வண்டியும் வளைவில் திரும்பிவிடுகிறது.

ஆனால் இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது பஸ் அல்ல, கட்டட விதிதான். மாடி மாடியாக உயரும் கட்டடங்களைப் பஸ் பாதையை ஒட்டித்தான் கட்டலாம். பாதையை விட்டு விலக விலக, உயரம் குறைய வேண்டும். இந்தப் பாதைகள் நகர மையத்திலிருந்து ஐந்து திசைகளில் போகின்றன. புதிதாக வந்த மக்களில் நிறையப் பேர் பஸ்ஸுக்கு நடந்துபோகும் தூரத்திலேயே குடியேறினார்கள். எங்கே வீடு வரும், எங்கே வண்டி ஓடும் என்ற இரண்டையும் ஒரே மேசையில் வைத்து முடிவுசெய்தார்கள். ஊர் வளர்ந்து முடிந்த பிறகு இதைச் செய்வது மிகவும் கடினம்.

தனிப்பாதை வந்த பிறகும் ஒரு தொல்லை மிச்சமிருந்தது. பஸ் ஓடுவதில் சிக்கல் இல்லை, நிற்பதில்தான். ஒரு நிறுத்தத்தில் 20 பேர் ஏறுகிறார்கள், படியேறிக் காசு கொடுக்க ஒவ்வொருவருக்கும் 3 நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம் போய்விட்டது. 20 நிறுத்தங்கள் என்றால் 20 நிமிடம்! எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, எரிபொருள் எரிகிறது, வண்டி மட்டும் நகரவில்லை.

இதற்குக் கண்டுபிடித்த வழிதான் 1991-இல் வந்த குழாய் நிறுத்தம். படுத்திருக்கும் பெரிய கண்ணாடிக் குழாய் ஒன்றைச் சாலையோரத்தில் வைத்தார்கள். அதற்குள் நுழையும்போதே கட்டணம் செலுத்திவிட வேண்டும். குழாயின் தளமும் பஸ்ஸின் தளமும் ஒரே உயரம். பஸ் வந்து நின்றதும் அதன் கதவுகளிலிருந்து சிறு பலகைகள் இறங்கிக் குழாயின் விளிம்பில் படியும். படியே கிடையாது. எல்லாக் கதவுகளிலும் ஒரே நேரத்தில் ஏறி இறங்கலாம். சக்கர நாற்காலியில் வருபவரும், குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுவரும் அம்மாவும் யார் கையையும் எதிர்பார்க்காமல் நேரே உள்ளே போகலாம். நாற்காலியைக் குழாயின் உயரத்துக்குத் தூக்கிவிட நிறுத்தங்களில் மின்தூக்கியும் வைத்தார்கள்.

இப்போது நிறுத்தத்துக்கு 15 நொடி போதும் என்று கொண்டால், 20 நிறுத்தங்களுக்கு 5 நிமிடம்தான். 60 நிமிடப் பயணம் 45 நிமிடமாகிறது. முன்பு 3 மணி நேரத்தில் 3 நடை அடித்த பஸ் இப்போது 4 நடை அடிக்கும். 3 பஸ் வைத்திருந்தவருக்கு 4 பஸ் கிடைத்த மாதிரி. புது வண்டி எதுவும் வாங்கவில்லை!

டிக்கெட்டிலும் ஒரு நியாயம் இருந்தது. ஒரு முறை கட்டணம் செலுத்தினால், பஸ் முனையங்களில் இறங்கி வேறு பஸ்ஸில் மாறிக்கொள்ளலாம். ஏழைகள் பலர் நகரத்தின் ஓரங்களில் வசித்தார்கள். தொலைவிலிருந்து வருகிறார்கள் என்பதற்காக அவர்களிடம் கூடுதலாக வாங்கவில்லை.

குரிட்டிபாவைப் பார்த்துவிட்டுக் கொலம்பியாவின் போகோட்டா 2000-இல் இதைவிடப் பெரிய பஸ் தடங்களை அமைத்தது. நம் நாட்டில் அகமதாபாத்தில் 2009-இல் தொடங்கிய ‘ஜன்மார்க்’ பஸ்ஸும் இதே குடும்பம்தான்.

குரிட்டிபாவில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். வருமானம் கூடியதும் மக்கள் கார் வாங்கினார்கள். தலைக்கு இத்தனை கார் என்று கணக்கிட்டால், பிரேசிலின் பெரிய நகரங்களில் அது இன்று முன்வரிசையில் இருக்கிறது. நெரிசல் நேரத்துப் பஸ்ஸில் நிற்க இடம் இருக்காது. சுற்றியுள்ள சிற்றூர்களும் வளர்ந்து, சேர்த்துப் பார்த்தால் 30 லட்சம் பேருக்கு மேல் வசிக்கும் வட்டாரமாகிவிட்டது. 1970-களில் போட்ட திட்டம் இவ்வளவு பேரைத் தாங்காது. நகரத்தை இரண்டாகப் பிளந்துகொண்டிருந்த பழைய நெடுஞ்சாலையில் 2009-இல் ‘பசுமைத் தடம்’ என்ற புதிய பஸ் பாதையைத் திறந்தார்கள். அதில் தாவர எண்ணெயிலிருந்து கிடைக்கும் எரிபொருளால் ஓடும் பஸ்கள் வந்தன.

உங்கள் ஊரிலும் இதை ஆராயலாம். வீட்டுப் பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, காலை நேரத்தில் பஸ் நிறுத்தத்தின் நடைமேடையில் பாதுகாப்பாக நில்லுங்கள். பஸ் நின்றதிலிருந்து கிளம்பும் வரை எத்தனை நொடி, எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள், முதல் படி எவ்வளவு உயரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். பத்துப் பஸ்களைப் பார்த்த பிறகு, ஒருவர் ஏற அல்லது இறங்கச் சராசரியாக எத்தனை நொடி ஆகிறது என்று வகுத்துப் பாருங்கள். தாழ்தளப் பஸ் வந்தால் அதன் கணக்கைத் தனியாக எழுதுங்கள்.