ஒன்பது வண்ணங்கள்

27 கனசதுரக் கட்டைகள். 9 வண்ணங்கள், வண்ணத்திற்கு மும்மூன்று. இவற்றை ஒரே பெரிய கனசதுரமாக அடுக்க வேண்டும். அதன் 6 முகங்களிலும் 9 வண்ணங்களும் தென்பட வேண்டும். இப்புதிரில் திணறும் பிள்ளையைக் 'கணக்கு வராதவன்' என்று கடிந்துகொள்ளாதீர்கள், பெற்றோர்களே! கண்டபடி அடுக்கிப் பார்த்தால் பெரியவர்களும் சலித்துத்தான் போவார்கள்.

முதலில் எண்ணச் சொல்லுங்கள். மூலைக் கட்டை 3 முகங்களில் தெரியும். விளிம்பின் நடுக்கட்டை இரண்டில். முகத்தின் நடுக்கட்டை ஒன்றில். உள்ளே ஒளிந்திருப்பதோ எதிலுமில்லை. ஒவ்வொரு வண்ணமும் முகத்திற்கு ஒன்றாக 6 முறை தோன்ற வேண்டுமல்லவா? எனவே, ஒளிந்த கட்டையின் வண்ணத்திற்கு நேரெதிர் மூலைகள் இரண்டும் உரியவை. 6 வண்ணங்களுக்கு மூலை, விளிம்பு, முகநடு என ஒவ்வொன்று. எஞ்சிய இரு வண்ணங்களும் விளிம்புகளிலேயே அமையும். இனி அவனே அடுக்கட்டும். இடையில் கை நீட்டாதீர்கள்.