சைக்கிளுக்கு வேண்டியதை நாமே தைப்போம்



"கண்டியில் சைக்கிளா?" என்று கேட்பவர்கள் பலர். நகரமே சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றமும் இறக்கமும்தான். ஆனாலும் பேராதனையிலிருந்து மகாவலி ஓரமாகக் கெலிஓயா, கம்பளை நோக்கிப் போகும் பாதையிலும் குண்டசாலை, திகன பக்கங்களிலும் மிதிக்கக்கூடிய தரை தாராளமாக உண்டு. ஏற்றம் வந்தால் இறங்கி உருட்டலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீட்டுப் பொறுப்பு முழுவதையும் தனியே சுமக்கும் பெண்ணுக்குச் சைக்கிள் ஒரு பெரிய துணை. பிள்ளையைப் பாலர் பாடசாலையில் விட வேண்டும், கிளினிக்குக்குப் போக வேண்டும், தைத்த உடுப்பைக் கடையில் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பஸ் காசு வைத்தால் உழைப்பில் பாதி அதிலேயே போய்விடும். 2022 யூன் இறுதியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாக ஏறி, அந்த விலைக்கும் கிடைக்காமல் வாகனங்கள் வரிசையில் நின்றபோது, வீட்டின் பின்புறம் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்களை எல்லோரும் தேடியதை நாம் மறந்திருக்க மாட்டோம்.

நமக்கு இது புதிதும் அல்ல. வடக்கில் 1990 தொடக்கம் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் எங்களைச் சுமந்தது சைக்கிள்தான். மின்சாரம் இல்லாத ஊரில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமம் இடம்பெயர்ந்தபோது நானும் அந்தக் கூட்டத்தில் தென்மராட்சிக்கு நடந்தவள். அரிசி, பாய், பானை, வயோதிபர் என்று கரியரில் ஏறாதது எதுவுமில்லை. அன்று கயிறும் பழைய ரியூப்பும் கொண்டு கட்டப் பழகிய கைதான் இன்று கெலிஓயாவில் தையல் மெசினில் சைக்கிள் பை தைக்கிறது.

முன் நடந்த பெண்கள்

தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களுக்குப் பழக்கியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். விவசாயக் கூலிகள், கல்லுடைப்பவர்கள், தாதிமார் என்று ஓர் இலட்சம் அளவிலான பெண்கள் ஓட்டக் கற்றார்கள். பெண்கள் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். "முன் கம்பியில் பிள்ளையை இருத்தலாம்" என்று அதையே விரும்பியவர்களும் இருந்தார்கள். ஊர்வாய் சும்மா இருக்கவில்லை, அவர்களும் இறங்கவில்லை.

இன்னும் பின்னே போனால், 1895இல் இலண்டன் பிரிக்ஸ்டனைச் சேர்ந்த அலிஸ் பைகிரேவ் என்ற தையற்காரி, சைக்கிள் ஓட்டும்போது நீளப் பாவாடையை நாடா இழுத்து உயர்த்தவும் இறங்கியபின் தாழ்த்தவும் ஒரு வழி செய்து, அதற்குக் காப்புரிமையும் பெற்றார். உடுப்பு சில்லில் சிக்கும் கஷ்டம் எல்லா நாட்டுப் பெண்களுக்கும் ஒன்றுதான். தீர்வும் தையல் தெரிந்த பெண்ணின் கையிலிருந்தே வந்தது.

1. கரியர் பக்கப் பை

50 கிலோ பிளாஸ்ரிக் சாக்கு இரண்டு போதும். உரம், மருந்து வந்த சாக்கானால் நன்றாகக் கழுவி வெயிலில் காயவிடுங்கள். கழுவினாலும் அதில் உணவுப் பொருள் வைக்க வேண்டாம். அரிசி, மா வந்த சாக்கே நல்லது.

ஒரு சாக்கை விரித்து இரட்டையாக மடித்து ஒரு பைக்கு வெட்டுங்கள். முன்னும் பின்னும் 13 அங்குலச் சதுரம் இரண்டு. சுற்றுப்பட்டி 6 அங்குல அகலம், 37 அங்குல நீளம். மூடி 13க்கு 10 அங்குலம். அரை அங்குலம் தையலுக்குப் போக, 12 அங்குலச் சதுரமும் 5 அங்குல ஆழமும் உள்ள பை வரும். அதேபோல் மற்றதையும் தைத்து, கரியரின் அகலத்தைவிட ஓர் அங்குலம் கூடிய பட்டியால் இரண்டையும் இணையுங்கள். 16 அல்லது 18ஆம் இலக்க ஊசி, நைலோன் நூல், நீளத் தையல். சாக்கின் ஓரம் நூல் நூலாகப் பிரியும் என்பதால் இரண்டு முறை மடித்துத் தையுங்கள்.

கவனிக்க வேண்டியவை மூன்று. பின்புறத் துணிக்குள் மெல்லிய பிளாஸ்ரிக் தகடு ஒன்றை வைத்தால் பை சில்லுப் பக்கம் வளையாது. பையின் அடியை ரியூப் துண்டால் கரியர்க் கம்பியோடு இழுத்துக் கட்டினால் ஆடாது. மிதிக்கும்போது குதிக்கால் பையில் இடிக்கிறதா என்று பார்த்து, இடித்தால் பையைப் பின்னே தள்ளுங்கள். பாரத்தை இரண்டு பக்கமும் சமமாக வைக்க வேண்டும்.

2. உடுப்புக் காப்பு

சேலைத் தலைப்பு, சோல், நீளப் பாவாடை மூன்றும் பின் சில்லுக்குப் பகை. பழைய மீன்வலைத் துண்டை மட்காட்டின் தாங்கு கம்பியிலும் கரியர்க் கம்பியிலும் இறுக்கிக் கட்டுங்கள். தொய்ந்தால் வலையே சில்லில் சிக்கும். ஆகவே கட்டியபின் சில்லைக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டே ஏறுங்கள். சோலைக் குறுக்காகப் போட்டு இடுப்பில் முடியுங்கள்.

பஞ்சாபிக் காற்சட்டைக்குக் கணுக்கால் பட்டி தைக்கலாம். இரண்டு அங்குல இலாஸ்ரிக், கால் சுற்றளவைவிட ஓர் அங்குலம் குறைவாக, நுனியில் வெல்க்ரோ. வெளிப்புறம் ஒளி தெறிக்கும் நாடா ஒன்றைத் தைத்தால் மாலையில் மிதிக்கும் கால் மேலும் கீழும் மின்னும். பின்னால் வரும் சாரதி தூரத்திலேயே கண்டுகொள்வார்.

3. மழைப் போர்வை

கண்டியில் மழைக்கு முறை கிடையாது. குடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையில் சைக்கிள் விடுவது மிகவும் ஆபத்து. தோட்டத்துப் பெண்கள் சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக் கொழுந்து எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே யோசனைதான்.

உடைந்த குடைகள் இரண்டின் துணியைக் கழற்றுங்கள். ஒன்றின் உச்சியில் தலை போகும் அளவு வட்டம் வெட்டி, மற்றதன் துண்டுகளை முன்பக்கம் சேர்த்து, ஹான்டிலை மூடும் அளவுக்கு நீட்டுங்கள். முன் ஓரத்தின் உட்புறம் பெருவிரல் நுழையும் இரண்டு வளையம் தைத்தால், ஹான்டிலைப் பிடிக்கும்போது அது கூரைபோல் விரிந்து நிற்கும். பின்பக்கம் சீற்றுக்குக் கீழே தொங்கக் கூடாது. தலைமூடி பக்கப் பார்வையை மறைக்கக் கூடாது. தையல் ஓரங்களில் மெழுகுதிரியை அழுத்தித் தேய்த்தால் ஊசித் துளையால் நீர் ஒழுகுவது குறையும்.

மழையில் சில்லின் விளிம்பு நனைந்தால் பிறேக் பிடிக்கத் தாமதமாகும். இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறையுங்கள்.

4. பழைய ரியூப்

பழைய ரியூப்பை எறியாதீர்கள். குறுக்கே வெட்டினால் இறப்பர் வளையம். நெடுக வெட்டினால் கரியர்ப் பட்டி. சிறு துண்டு ஒட்டுப் போட உதவும். ஒட்டும் இடத்தையும் துண்டையும் சான்ட் பேப்பரால் தேய்த்து, சொலூசன் மெல்லியதாகப் பூசி, தொட்டால் கையில் ஒட்டாத அளவு காய்ந்தபின் அழுத்த வேண்டும். ஈரமாக ஒட்டினால் நிற்காது.

செய்யக் கூடாதவை

தலைக்கவசத்தையும் பிறேக் கட்டைகளையும் வீட்டில் செய்ய முயல வேண்டாம். அவை உயிர் காப்பவை. கடையில்தான் வாங்க வேண்டும். இருட்டில் ஓடுவதென்றால் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் வேண்டும். தைத்த நாடா விளக்குக்குத் துணை மட்டுமே.

கைக்கு ஒரு வருமானம்

முதலில் உங்களுக்கென்று ஒன்று தைத்து ஒரு மாதம் பாவியுங்கள். எங்கே கிழிகிறது, எங்கே நனைகிறது என்று தெரியும். பிறகு அயலவருக்குத் தையுங்கள். உடுப்புத் தொழிற்சாலைகளின் மிச்சத் துணி நிறைக்கு வாங்கக் கிடைத்தால் செலவு குறையும். விலை சொல்லும்போது துணி, நூல், வெல்க்ரோவோடு உங்கள் மணித்தியாலங்களையும் கணக்கில் சேருங்கள். நம்மில் பலர் பொருளுக்கு மட்டும் காசு வாங்கிக் கைக்கூலியைத் தானமாகக் கொடுத்துவிடுகிறோம். மீன் விற்பவர், பத்திரிகை போடுபவர், பாடசாலைப் பிள்ளைகள் என்று பை தேவைப்படுபவர்கள் நம்மைச் சுற்றியே இருக்கிறார்கள்.

கணவனை இழந்த பெண் சைக்கிளில் போனால் நான்கு வாய் பேசும். நான் போகும்போதும் பேசியது. "இவவுக்கு இந்த வயதில் என்ன ஓட்டம்?" என்றார்கள். பேசிய வீட்டிலிருந்தே பின்பு, "அக்கா, என்ர மகளுக்கும் ஒரு பை தைச்சுத் தாங்கோ" என்று ஆள் வந்தது. பேச்சுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க நமக்கு நேரமில்லை. அளவெடுத்து வெட்டுவோம், தைப்போம், ஏறி மிதிப்போம். இந்த மாதம் ஒரு சாக்கையும் ஓர் ஊசியையும் எடுத்துத் தொடங்குங்கள்.