பல மொழி பேசும் மூளையும் அதை ஆராயும் நிதியும்

மலேசியாவில் பேராக் மாநிலத்துத் தஞ்சோங் ரம்புத்தான் என்றதும் 1911-இல் திறக்கப்பெற்ற மனநல மருத்துவமனையே எவருக்கும் நினைவுக்கு வருகிறது. ஆனால் வீட்டில் தமிழும், கடைத்தெருவில் பாசார் மலாயும், பக்கத்து வீட்டாரிடம் கொஞ்சம் கந்தோனீஸும் பேசி, பள்ளிக்கூடத்துப் படியையே மிதியாமல் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை ஆளாக்கிய, அவ்வூரை உள்ளிட்ட கிந்தா வட்டாரத்து முதியோர், மூளை ஆராய்ச்சிக்கு எத்தனை அரிய செல்வம் என்பதை நாம் இன்னும் சிந்தித்தோமில்லை.

இத்தகையோரை ஆராய்வதால் விளையும் பயனுக்கு ஹைதராபாத் சாட்சி. அங்குள்ள நிஜாம் மருத்துவ விஞ்ஞானக் கழகத்துக்கு 2006 முதல் 2012 வரை வந்த 648 மறதி நோயாளிகளின் குறிப்புகளை டாக்டர் சுவர்ணா அல்லாடியும், எடின்பரோவைச் சேர்ந்த தாமஸ் பாக் முதலிய சகாக்களும் ஆராய்ந்து, 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு மொழி மட்டும் பேசியவர்களைக் காட்டிலும், ஒன்றுக்கு மேற்பட்ட மொழி பேசியவர்களிடம் நோய் சராசரி நாலரை ஆண்டு பிந்தியே தலைகாட்டிற்று. எழுத்தறியாதவர்களிடத்தும் இவ்வித்தியாசம் காணப்பட்டதுதான் விசேஷம். முன்பு கனடாவில் நடந்த ஆய்வுகளில் இருமொழியாளர் பலர் குடியேறியவர்களாதலால், பலன் மொழியினால் வந்ததோ குடியேற்ற வாழ்வினால் வந்ததோ என்ற சந்தேகம் நின்றது. தெலுங்கும் உருதுவும் ஹிந்தியும் தெருவிலேயே கலந்து புழங்கும் அந்நகரம் அதைப் பெரிதும் போக்கிற்று. ஒரு மொழியை அடக்கி மற்றொன்றை எடுக்கும் ஓயாத பயிற்சி கவனசக்தியை வலுப்படுத்துகிறது என்பது அவ்வாய்வாளர் அபிப்பிராயம். இதை மறுப்போரும் உண்டு.

ஹைதராபாத் ஆய்வுக்குப் பொருளுதவி செய்தது இந்திய அரசின் விஞ்ஞான தொழில்நுட்பத் துறை. விற்பதற்கு ஒரு மாத்திரையும் கிட்டாத இவ்வாராய்ச்சிக்கு அரசு கொடாவிட்டால் வேறு யார் கொடுப்பார்?

மலேசியாவிலும் உயர்கல்வி அமைச்சின் அடிப்படை ஆராய்ச்சி நிதி இருக்கிறது. அதை மூளையைப் படம்பிடிக்கும் கருவிக்கே செலவிடுவது போதாது. வழக்கமான மறதிநோய்ப் பரிசோதனையில் உள்ளபடி நூற்றிலிருந்து ஏழேழாகக் கழித்துச் சொல்லும்படி கேட்டால், பள்ளி காணாத பாட்டி தடுமாறுவது நோயினாலன்று, படிப்பின்மையால். ரப்பர்ப் பால் பிடிக்கும் மங்குக் கிண்ணத்தையும் வெட்டுக் கத்தியையும் படத்தில் காட்டிப் பெயர் கேட்டாலோ, அவருடைய சொல் ஞாபகத்தின் உண்மை நிலை தெரியவரும். அத்தகைய பரிசோதனையைத் தமிழில் வகுத்து, வீடுதோறும் சென்று நடத்த ஆள் வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் நகரத்து அடுக்குமாடிகளுக்குச் சிதறிவிட்டபடியால், பதில் சொல்லக்கூடிய முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். ஆகவே நிதி கோரும் மனுவில், கருவியின் விலைக்கு முன்னால், தமிழறிந்த பரிசோதகரின் சம்பளம் எழுதப்பட வேண்டும்.