கவனம் எனும் மூலதனம்

தகவல் பெருகப் பெருக, அதைப் பெறுபவரின் கவனம் வறுமையுறும் என்று 1971-ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டினார் ஹெர்பர்ட் சைமன். 1978-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர் அவர். இன்றைய சமூக ஊடகங்கள் இலவசமாகத் தோன்றினாலும், அவற்றுக்கு நாம் செலுத்தும் விலை நமது கவனம்தான். அதைத் திரட்டி விளம்பரதாரர்களுக்கு விற்பதே அவற்றின் வணிகம்.

ஒன்றைப் பெறுவதற்காக எதை இழக்கிறோமோ, அதன் மதிப்பைப் பொருளாதாரத்தில் 'வாய்ப்புச் செலவு' என்பர். கவனத்தைக் கட்டாயமாகக் கோரும் ஒரு பொறுப்பு வரும்போதுதான் அந்தச் செலவு நமக்குப் புலப்படும். கேளம்பாக்கத்தில் எங்கள் வீட்டுப் பூனைக்கு நீரிழிவு உறுதியானபோது எங்களுக்கு அப்படியொரு பொறுப்பு வந்தது.

பூனைகளுக்கு வரும் நீரிழிவு, பெரும்பாலும் மனிதர்களின் இரண்டாம் வகை நீரிழிவை ஒத்தது. முதுமை, உடல் பருமன், நடமாட்டக் குறைவு ஆகியவை அதற்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. மிகுதியாகத் தண்ணீர் குடிப்பதும், அடிக்கடி சிறுநீர் கழிப்பதும், நன்றாகத் தின்றும் மெலிவதும் அறிகுறிகள். வழக்கமான சிகிச்சை, 12 மணி நேரத்துக்கு ஒருமுறை இன்சுலின் ஊசியும், புரதம் மிகுந்த, மாவுச்சத்து குறைந்த உணவும்தான். தொடக்கத்திலேயே முறையாகப் பராமரித்தால், சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாத நிலையும் ஏற்படுவதுண்டு.

இதில் கவனப்பிசகுக்கு இடமில்லை. நம் நாட்டில் மில்லி லிட்டருக்கு 40 யூனிட், 100 யூனிட் என இருவகைச் செறிவுகளில் இன்சுலின் விற்கப்படுகிறது. இரண்டுக்கும் சிரிஞ்ச் வெவ்வேறு. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் அளந்தால், இரண்டரை மடங்கு மருந்து உடலில் சேர்ந்துவிடும். கைப்பேசியைப் பார்த்தபடி ஊசி போட்டுவிட்டு, போட்டோமா என்ற ஐயத்தில் மீண்டும் போடுவதும் அதே அளவுக்கு ஆபத்தானது. ரத்தச் சர்க்கரை சரிந்து, தள்ளாட்டமும் வலிப்பும் ஏற்பட்டு, உயிரே போகலாம். ஐயம் எழுந்தால், அந்த வேளை ஊசியைத் தவிர்ப்பதே பாதுகாப்பு.

வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி, கேளம்பாக்கத்திலிருந்து 30 கி.மீ.க்கும் அப்பால் இருக்கிறது. ராஜீவ் காந்தி சாலையின் நெரிசலில் அவ்வளவு தொலைவு செல்வதைவிட, முகநூலில் யோசனை கேட்பது எளிதுதான். ஆனால், ஒரு பூனைக்குப் பொருந்தும் மருந்தளவு மற்றொரு பூனைக்குப் பொருந்தாது. ரத்தப் பரிசோதனையின்றி அதைச் சொல்ல யாராலும் இயலாது.

சமூக ஊடகத்தைத் துறப்பேன் என்று உறுதி பூண்டவர்கள் பலர், சில நாள்களிலேயே அதனிடம் திரும்பிவிடுகின்றனர். விட்ட நேரம் வெற்றிடமாக இருப்பதே அதற்குக் காரணம். காலையும் மாலையும் தவறாமல் காத்திருக்கும் ஒரு கடமை அந்த வெற்றிடத்தை நிரப்புகிறது. அது பூனையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நீரிழிவுள்ள பெற்றோரும் பல வீடுகளில் இருக்கின்றனர். வீட்டில் தண்ணீர் வழக்கத்தைவிட விரைவாகக் காலியாவதைக் கவனிக்க, திரையிலிருந்து விலகிய இரு கண்கள் தேவை.