உடுவின் ஒளியில் முனைவாக்கத்தை அளத்தல்

"அளவீட்டில் வழு ஏற்படக் காரணம் யாது?" என்று கேட்டால் "கவனக்குறைவு" என்று எழுதும் மாணவர் பலர். அது போதிய விடையன்று. எவ்வளவு கவனமாக அளந்தாலும் வழு வரும். அதனைக் குறைப்பது அளக்கும் முறையே. வானியலில் இதற்கு நல்லதோர் உதாரணம் உண்டு.

ஒளி ஒரு குறுக்கலை. அதன் அதிர்வுகள் எல்லாத் திசைகளிலும் சமமாக இல்லாது ஒரு திசையில் கூடுதலாக இருப்பின், அவ்வொளி முனைவாக்கமுடையது எனப்படும். வெப்பம் மிக்க உடுக்களின் விளிம்பிலிருந்து வரும் ஒளி இவ்வாறு இருக்கும் என 1946 இல் எஸ். சந்திரசேகர் கணித்தார். அதைத் தேடிய ஹில்ற்னரும் ஹோலும் 1949 இல் கண்டதோ, உடுக்களுக்கிடையேயுள்ள தூசினால் ஏற்படும் முனைவாக்கம். தேடியது ஒன்று, கிடைத்தது வேறொன்று! உடு உருண்டையாயின் விளிம்பின் எல்லாப் பக்கங்களும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். எஞ்சுவதை அளக்க மிக நுண்ணிய கருவி வேண்டும்.

ஒரு திசை ஒளியை அளந்துவிட்டு, பின்னர் மற்றத் திசையை அளந்தால் என்ன? இடையில் மெல்லிய முகில் ஒன்று வந்தாலே கணக்குப் பிழைத்துவிடும். ஆகவே விசேட அரியம் ஒன்றினால் ஒளியை இரு கற்றைகளாகப் பிரித்து ஒரே நேரத்தில் அளப்பர். அவை 101, 99 எனின் முனைவாக்கம் (101 − 99) ÷ 200, அதாவது 1%. முகில் வந்து 50.5, 49.5 ஆகக் குறைந்தாலும் விடை அதே 1% தான். (இந்தக் கணக்கை நீங்களே ஒருமுறை செய்து பாருங்கள்.)

ஆனால் ஓர் உணரி மற்றையதிலும் கூர்மையானதாக இருந்தால்? அரை அலைத் தட்டை 45° திருப்பினால் முனைவாக்கத் திசை 90° திரும்பும். இரு கற்றைகளும் இடம்மாறும். இரு நிலைகளிலும் பெற்ற விகிதங்களை ஒப்பிட, உணரிகளின் வேறுபாடு நீங்கிவிடும். தொலைகாட்டியின் ஆடிகளும் சிறிது முனைவாக்கத்தைச் சேர்க்கும். முனைவாக்கம் இல்லாத அண்மை உடுக்களை அளந்து அதனைக் கழிப்பர்.

இவ்வளவு செய்தும் எழுமாற்று வழு எஞ்சும். 10,000 போட்டன்களை எண்ணினால் வழு ஏறத்தாழ 100, அதாவது 1%. வழுவைப் பத்திலொன்றாக்க 100 மடங்கு போட்டன்கள் தேவை. பெரிய தொலைகாட்டியும் நீண்ட நேரமும் வேண்டுவது இதனாலேயே.

அவுஸ்திரேலியாவில் 3.9 மீற்றர் தொலைகாட்டியுடன் பொருத்திய கருவியொன்று, செக்கனுக்கு 500 தடவை திசைமாற்றி, பத்து இலட்சத்தில் சில பங்குகள் வரை அளந்தது. அதன் பயனாக, நாம் மகம் என அழைக்கும் ரெகுலஸ் உடுவின் முனைவாக்கம் 2017 இல் வெளியிடப்பட்டது. மகம் மிக வேகமாகச் சுழல்வதால் தட்டையாகியுள்ளது. ஆதலால் அதன் விளிம்புகள் ஒன்றையொன்று முழுமையாக ஈடுசெய்வதில்லை.