மின்கலமும் விழிப்பும்

வானொலி அலையால் இயங்கும் சிறு விமானங்களையும் வண்டிகளையும் ஓட்டி மகிழ்வார் இன்று பலர் உளர். இவற்றிற்கு உயிர் போன்றது லித்தியம் பாலிமர் பாட்டரி. சிற்றுருவிற் பேராற்றலை அடக்கிய அது, நெறி தவறின் நெருப்பாகும்.

பாட்டரி என்பது கலங்களின் அடுக்கு. ஒரு கலம் 4.2 வோல்ட்டு வரையே மின்னேற்கும். மூன்று கலங்களுக்கு எல்லை 12.6 வோல்ட்டு. எல்லை மீறின் உள்ளே வாயு தோன்றும், பாட்டரி வீங்கும், தீப்பற்றவும் கூடும். ஆதலின் சார்ஜரில் பாட்டரியின் வகையையும் கலங்களின் தொகையையும் முதற்கண் பிழையின்றி அமைத்தல் வேண்டும். நிக்கல் பாட்டரிக்குரிய முறையில் இதற்கு மின்னேற்றுதல் பெருந்தவறு.

அடுத்து மின்னோட்டம். பாட்டரியின்மேல் 2200 மில்லி ஆம்பியர் மணி என்றிருப்பின், 2.2 ஆம்பியருக்கு மேற்படாது ஏற்றுதல் நன்று. சமன்செய்யும் சிறு கம்பியையும் மறவாது இணைத்தல் வேண்டும். மொத்த அளவு சரியாயிருப்பினும், ஒரு கலம் பின்தங்க மற்றொன்று எல்லை கடத்தல் கூடும். அதனைத் தடுப்பது அக்கம்பியே.

மெத்தை, காகிதம், மரப்பலகை ஆகியவற்றின்மேல் வையாது, கல்தரையில் வைத்து ஏற்றுக. ஓடிக் களைத்த பாட்டரி சூடு தணிந்த பின்னரே ஏற்றத்தக்கது. வீங்கியதையும் நசுங்கியதையும் ஏற்றற்க.

‘சிறிது நேரந்தானே’ என்று அகன்றவன் மீளுமுன் வீடெங்கும் புகை சூழக்கூடும். ஆதலின் ஏற்றி முடியுமளவும் அருகிருந்து காத்தல் கடன். இரவில் ஏற்றிவிட்டு உறங்குதல் ஆகாது. புகை கண்டால் தொடாது விலகிப் பெரியோரை அழைக்க.

விளையாட்டு வினையாகாது காப்பது கருவியன்று, விழிப்பேயாம்.