பெயர்ந்த ஜனங்களின் பேரேடு

கொசஸ்தலையாறு எண்ணூர்க் கழிமுகத்தில் விரிந்து சமுத்திரத்தைச் சேர்வதற்கு முன்னால், மணலி புதுநகரை அடுத்த சடையங்குப்பத்தின் ஓரமாகப் போகிறது. அங்கே பர்மா நகர் என்ற பெயரில் ஒரு குடியிருப்பு இருக்கிறது. பூண்டி நீர்த்தேக்கத்தின் மதகுகள் திறக்கப்பட்டு ஆறு கரைபுரளும் மழைக்காலங்களில் மட்டும் அதன் பெயர் பத்திரிகைகளில் வரும். சுத்திகரிப்பு ஆலையின் தீச்சுடரையும், உரத் தொழிற்சாலையையும், துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகளின் வரிசையையும் நித்தம் பார்த்துப் பழகிய இவ்வட்டாரத்து ஜனங்களில் பலருக்கு, வங்காள விரிகுடாவின் மறுகரையிலுள்ள ஒரு தேசத்தின் பெயர் இந்த ஆற்றங்கரைக்கு எப்படி வந்தது என்று விசாரிக்க அவகாசம் வாய்த்ததில்லை. வியாசர்பாடியின் பர்மாத் தமிழர் குடியிருப்புகளும், கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே 1969இல் உருவான பர்மா பஜாரும், அதன் பின்தெருவில் அத்தோ என்னும் பர்மிய நூடுல்ஸ் விற்கும் தள்ளுவண்டிகளும் அதே சரித்திரத்தின் மிச்சங்களே.

யுத்தமோ கலவரமோ ஒரு ஜனசமூகத்தை வேரோடு பெயர்க்கும்போது, யார் எங்கிருந்து கிளம்பினார்கள், எத்தனை பேர் வழியில் மாண்டார்கள், எத்தனை பேர் எங்கே ஒதுங்கினார்கள், கடைசியில் வீடு திரும்பியவர்கள் எத்தனை பேர் என்பதை யார் எழுதி வைக்கிறார்கள்? இது புள்ளிவிவர நிபுணர்களுக்கு மட்டும் உரிய கேள்வி என்று தோன்றலாம். ஆனால் வடசென்னைக்கு வந்து சேர்ந்த அகதிகளின் கதையைப் பார்த்தாலே, எண்ணப்படுவதுதான் பெயர்ந்தவனுக்குக் கிடைக்கும் முதல் நீதி என்பதும், அந்த எண்ணிக்கை பாதியில் நின்றுவிட்டால் அதுவே அவனுக்கு அநீதியாக முடியும் என்பதும் விளங்கும்.

1941 டிசம்பர் 23ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் நகரத்தின்மீது குண்டு வீசின. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. துறைமுகக் கூலிகளாகவும், நெல்வயல் விவசாயிகளாகவும், லேவாதேவிக்காரர்களாகவும், குமாஸ்தாக்களாகவும் அங்கே ஜீவனம் நடத்திவந்த இந்தியர்களில், கப்பலில் இடம் பிடிக்க வசதியுள்ளவர்கள் கப்பலேற, மற்றவர்கள் நடந்தார்கள். அரக்கான் மலைகளைக் கடந்து சிட்டகாங்குக்கு ஒரு வழி. தமுவைக் கடந்து மணிப்பூர் வழியாகத் திமாப்பூருக்கு ஒரு வழி. வடக்கே ஹுகாங் பள்ளத்தாக்கின் சேற்றிலும் அட்டைக்கடியிலும் அஸ்ஸாமின் லெடோவுக்கு மற்றொரு வழி. நான்கு முதல் ஐந்து லட்சம் பேர் இவ்வாறு வெளியேறியிருக்கலாம் என்பது சரித்திர ஆசிரியர்களின் அனுமானம். காலராவுக்கும் மலேரியாவுக்கும் பசிக்கும் பலியானவர்கள் பத்தாயிரம் பேர் என்று ஒரு மதிப்பீடும், ஐம்பதாயிரம் பேர் என்று மற்றொரு மதிப்பீடும் சொல்கின்றன. இவ்விரண்டுக்கும் இடையே நிற்கும் நாற்பதாயிரம் பேர், தாய்தந்தையரும் பிள்ளைகளும் உடையவர்களாக வாழ்ந்திருந்தும், இறந்தார்களா பிழைத்தார்களா என்று சொல்ல ஒரு காகிதமும் இல்லாமல் போனவர்கள்.

இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் நேர்ந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். 1962 மார்ச்சில் ஜெனரல் நே வின் பர்மாவின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964இல் வியாபார ஸ்தாபனங்களும் கடைகளும் நாட்டுடைமை ஆக்கப்பட்டன. தலைமுறைகளாகச் சேர்த்த சொத்தை விட்டுவிட்டு வெளியேறுமாறு இந்தியர்கள் நிர்ப்பந்திக்கப்பட்டார்கள். இம்முறை பெரும்பாலோர் கப்பலில் வந்ததால், இறங்கியவர்களைத் துறைமுகத்திலேயே எண்ண முடிந்தது. 1963 ஜூன் முதல் தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் 1,44,445 பேர் என்று மாநில சர்க்காரின் ஏடுகள் கடைசி இலக்கம் வரை சொல்கின்றன. பெயர் ஏட்டில் ஏறியதால்தான் மனைக்கும் கடனுக்கும் மனுச்செய்ய அவர்களுக்கு வழி பிறந்தது. முன்பு காட்டுப் பாதையில் பெயர் பதியாமல் போனவர்களுக்கு அந்த வழி இல்லை.

தாயகம் வந்த பிறகு மீண்டும் பர்மாவுக்கே போய்விடலாம் என்று நிலமார்க்கமாகப் புறப்பட்டு, எல்லையைக் கடக்க முடியாமல் மணிப்பூரின் மோரே நகரத்திலேயே தங்கிவிட்ட தமிழர்களும் உண்டு. கோயிலும் தமிழ்ச் சங்கமும் அமைத்துக்கொண்டு வாழ்ந்த அவர்களில் சிலருடைய வீடுகள் 2023 மே மாதம் மூண்ட மணிப்பூர்க் கலவரத்தில் எரிந்தன. அவ்வாண்டில் மணிப்பூர் வன்முறையால் நேர்ந்த இடப்பெயர்வுகள் ஏறத்தாழ 67,000 என்று ஜெனீவாவிலுள்ள உள்நாட்டு இடப்பெயர்வுக் கண்காணிப்பு மையம் கணித்தது. ஒரே குடும்பம் இரண்டு முறையும் மூன்று முறையும் பெயர்க்கப்படும் என்பதை எண்ணுகிறவர்கள் எப்போதும் மனத்தில் கொள்ளவேண்டும் என்பதற்கு மோரே ஒரு சாட்சி.

நம் காலத்தின் பெரிய உதாரணம் இலங்கை. 1983 ஜூலைக் கலவரத்தை அடுத்துத் தலைமன்னாரிலிருந்தும் பேசாலையிலிருந்தும் படகேறியவர்கள் ராமேஸ்வரத்திலும் அரிச்சல்முனையிலும் கரையிறங்கினார்கள். அவர்களுடைய பெயர்கள் முதலில் எழுதப்பட்ட இடம் மண்டபம் முகாம்; முன்னொரு காலத்தில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர்களை நோய்த் தடுப்புக்காக நிறுத்திவைத்த அதே ஸ்தலம். நான்கு அலைகளாக மொத்தம் 3,04,269 பேர் வந்ததாகத் தமிழ்நாடு அரசு பதிவு செய்திருக்கிறது. 2021இல் அரசு வெளியிட்ட கணக்கின்படி, கும்மிடிப்பூண்டியும் புழல் காவாங்கரையும் உட்பட 29 மாவட்டங்களிலிருந்த 108 முகாம்களில் 58,822 பேரும், காவல் நிலையத்தில் வெளிப்பதிவு பெற்று முகாம்களுக்கு வெளியே 34,087 பேரும் வசித்தார்கள்.

எண்ணும் வித்தையின் சிரமம் இந்த எண்களிலேயே தென்படும். வந்தவர்கள் மூன்று லட்சத்துக்கு மேல். இருப்பவர்கள் ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. 1995 மார்ச் வரை இந்திய அரசு ஏற்பாடு செய்து திருப்பி அனுப்பியவர்கள் 99,469 பேர். மிஞ்சுகிற ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சொந்தச் செலவில் ஊர் திரும்பியிருக்கலாம், கனடாவுக்கோ ஐரோப்பாவுக்கோ போயிருக்கலாம், கடலில் மூழ்கியிருக்கலாம், முதுமையில் முகாமிலேயே கண்மூடியிருக்கலாம். இதோடு, இருப்பவர்களில் பலர் இங்கேயே பிறந்தவர்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டால், கணக்கில் விட்டுப்போனவர்களின் தொகை இன்னும் பெருகும். வரவை மட்டும் குறித்துவிட்டுச் செலவை எழுதாத கடைக்காரரின் நோட்டைப் போல, வருகிறவர்களை எண்ணும் ஏடு, போகிறவர்களையும் பிறக்கிறவர்களையும் இறக்கிறவர்களையும் எழுதாமற்போனால் வெகுசீக்கிரம் உண்மையிலிருந்து விலகிவிடும்.

உலகம் இந்தச் சிரமத்தை எவ்வாறு சமாளிக்கிறது? ஐக்கிய நாடுகளின் அகதிகள் ஆணையம், எல்லை கடந்தவர்களைக் குடும்பம் குடும்பமாகப் பதிவு செய்து, பல நாடுகளில் கைரேகையும் கருவிழிப் படமும் எடுத்து, ஒருவரே இரண்டு முகாம்களில் எண்ணப்படாமல் பார்த்துக்கொள்கிறது. சொந்த நாட்டுக்குள்ளேயே சிதறியவர்களுக்கு இது போதாது. அவர்கள் உறவினர் வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் கோயில் மண்டபத்திலும் ஒதுங்குவார்கள். ஆகையால் சர்வதேச இடம்பெயர்வு அமைப்பு 2004இல் ஈராக்கில் தொடங்கிய முறையில், கிராமத் தலைவர், ஆசிரியர், மதகுரு போன்ற விஷயம் தெரிந்தவர்களைக் குறிப்பிட்ட கால இடைவெளியில் விசாரிக்கிறார்கள். சாலைச் சந்திப்புகளிலும் பஸ் நிலையங்களிலும் ஆட்களை நிறுத்தி, போவோர் வருவோரைக் கணக்கிடுகிறார்கள். மனிதர்கள் நெருங்க முடியாத போர்க்களத்தில் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கூடாரங்களை எண்ணி, கூடாரத்துக்கு இத்தனை பேர் என்று அனுமானிக்கிறார்கள். எந்தக் கைபேசிக் கோபுரத்தின் எல்லையிலிருந்து எந்தக் கோபுரத்தின் எல்லைக்குக் கைபேசிகள் நகர்ந்தன என்பதும், 2010 ஹைட்டி பூகம்பத்துக்குப் பின்னர், ஜனங்களின் போக்கை அறிய உதவும் குறிப்பாயிற்று. ஒவ்வொரு முறைக்கும் குறையுண்டு. கைபேசி இல்லாத கிழவி அக்கணக்கில் இல்லை. கூடாரத்துக்குள் நான்கு பேரா பதினான்கு பேரா என்பதை ஆகாயத்திலிருந்து அறிய இயலாது. ஆகவே பல முறைகளை ஒன்றோடொன்று ஒத்துப்பார்ப்பதே நேர்மையான வழி. இவ்வாறு கணித்ததில், 2024 முடிவில் உலகில் வலிந்து பெயர்க்கப்பட்டவர்கள் 12 கோடியே 32 லட்சம் பேர். அவர்களில் சுமார் 7 கோடியே 35 லட்சம் பேர் தம் சொந்த நாட்டுக்குள்ளேயே அலைகிறவர்கள்.

இந்தக் கணக்கு குறைந்தால் யாருக்கு நஷ்டம் என்பதை இலங்கையின் வடபகுதியான வன்னி காட்டியது. 2009 தொடக்கத்தில், இறுதி யுத்தத்தின்போது முல்லைத்தீவுக் கடற்கரையில் நெருக்கித் தள்ளப்பட்ட ஜனங்கள் சுமார் 70,000 பேர் என்று இலங்கை அரசு கூறியது. யுத்தம் முடிந்தபோது முகாம்களில் இருந்தவர்களோ இரண்டரை லட்சத்தைத் தாண்டினார்கள். உள்ளே செல்லும் உணவையும் மருந்தையும் கட்டுப்படுத்தவே அரசு எண்ணிக்கையைக் குறைத்துச் சொன்னது என்று 2011இல் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு எழுதிற்று. அதே 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் ராயப்பு ஜோசப், இலங்கை அரசே நியமித்த நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் சென்று, கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகத்தின் பதிவுகளின்படி 2008 அக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர், அரசின் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்துசேர்ந்ததாக ஐ.நா. சொன்னவர்கள் 2,82,380 பேர், எஞ்சிய 1,46,679 பேர் என்ன ஆனார்கள் என்பதைத் தெளிவுபடுத்துங்கள் என்று கேட்டார். குண்டு மழைக்கு நடுவிலும் கச்சேரி உத்தியோகஸ்தர்கள் பதிவுகளை எழுதி வைத்திருந்ததால்தான் அந்தக் கேள்வியைக் கேட்கவாவது முடிந்தது. உறவினரைத் தேடி வீதியோரத்தில் இன்றும் அமர்ந்திருக்கும் தாய்மார்களின் வழக்குக்கு அந்த எண்ணும் ஓர் ஆதாரம்.

எண்ணிக்கையை அவசரமாக மூடிவிடுவதும் ஓர் அநீதியே. 2012 செப்டம்பரில் செட்டிகுளத்தின் மெனிக் பாம் முகாம் காலி செய்யப்பட்டு, இடம்பெயர்ந்தோர் மீள்குடியேறிவிட்டார்கள் என்று உலகுக்கு அறிவிக்கப்பட்டது. கடைசியாக வெளியேறியவர்களில் கேப்பாபிலவு கிராமத்துக் குடும்பங்களும் இருந்தன. அவர்களுடைய காணிகள் ராணுவத்தின் வசம் இருந்தமையால், அவர்கள் சீனியாமோட்டை என்ற வேறிடத்தில் இறக்கிவிடப்பட்டார்கள். ஏட்டில் அவர்கள் வீடு திரும்பியவர்கள். நிஜத்தில் தங்கள் கிணற்றையும் மாமரத்தையும் முள்வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, பட்டியல் என்பது எப்போதும் க்ஷேமத்தையே தரும் என்று முடித்தால் அது முழு உண்மையாகாது. 1983 ஜூலையில் கொழும்பில் கலகக்காரர்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் எது தமிழர் வீடு என்று தெரிந்து கொளுத்தினார்கள். ஜனநாயகத்துக்காக எழுதப்பட்ட பெயர் வரிசை துவேஷத்தின் கையில் ஆயுதமாயிற்று. நம் முகாம்களில்கூட, உதவித்தொகைக்கும் ரேஷன் அரிசிக்கும் ஆதாரமான அதே பதிவுதான், தமிழகக் காவல்துறையின் கியூ பிரிவுப் போலீசாரின் கண்காணிப்புக்கும் வெகுகாலம் ஆதாரமாக இருந்தது. முகாமில் இருப்பதைச் சரிபார்க்கும் செக்கிங் நாளில் வெளியூர் வேலையில் அகப்பட்டுக்கொண்டவர், பதிவை வெட்டிவிடுவார்களோ என்று ஓடோடி வருவது முகாமில் வளர்ந்த எல்லோருக்கும் தெரிந்த பயம். சந்தேகத்துக்காக எழுதப்படும் ஏட்டுக்கு ஜனங்கள் அஞ்சி ஒளிவார்கள். உதவிக்காக எழுதப்படும் ஏட்டைத் தேடி வந்து தங்கள் பெயரைச் சேர்ப்பார்கள். எண்ணிக்கை உண்மையாக இருப்பதற்கும், எண்ணுகிறவரிடம் ஜனங்களுக்கு நம்பிக்கை இருப்பதற்கும் உள்ள சம்பந்தம் இதுதான்.

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இங்கே இல்லை. 2019இல் குடியுரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது இலங்கைத் தமிழர் அதில் சேர்க்கப்படவில்லை. 2021இல் தமிழ்நாடு அரசு 317 கோடி ரூபாய்க்கான திட்டங்களை அறிவித்து, புதிய வீடுகளைக் கட்டத் தொடங்கி, முகாம்களை மறுவாழ்வு முகாம்கள் என்று அழைக்கச் செய்தது போற்றத்தக்கது. எனினும் நாற்பது வருஷங்கள் பதிவேட்டில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் எந்த நாட்டின் வாக்காளர் பட்டியலிலும் இல்லை. 1987 ஜூலைக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியப் பிரஜை என்ற சட்டத்தைக் காட்டி, 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒருவர் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை அணுகி, 2022இல் பாஸ்போர்ட் பெறும் உரிமையை வென்றார். அவருக்குத் துணை நின்றது அவருடைய பிறப்புச் சான்றிதழ். முகாமில் ஒரு குழந்தை பிறந்த அன்று யாரோ ஒருவர் தம் கடமையைச் சரியாகச் செய்து எழுதிய ஒரு வரி.

ஆகவே, எண்ணுவதைப் பற்றி நாம் கேட்கவேண்டியவை மூன்று. வீடு இழந்த மனிதனின் பெயர் அவன் ஒதுங்கிய இடத்திலேயே, எண்ணிக்கையைக் கூட்டுவதிலோ குறைப்பதிலோ லாபமில்லாத ஒருவரால் உடனே எழுதப்படவேண்டும். அப்பெயர் அவனுடைய உணவுக்கும் கல்விக்கும் உரிமைக்கும் அன்றி வேறெதற்காகவும், அவனுடைய சம்மதமின்றிப் பிறர் கைக்குப் போகக்கூடாது. அவன் தன் காணிக்குத் திரும்பினான், அல்லது வேறொரு நாட்டின் முழுப் பிரஜை ஆனான் என்று உறுதியாகும் வரையில், முகாம் மூடப்பட்டது என்ற காரணத்தைச் சொல்லியும் எவரும் அப்பெயரை அடிக்கக்கூடாது. ரங்கூனிலிருந்து வந்தவர்களுக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுக்கும் இடம் கொடுத்த நம் நாட்டுக்கு, இம்மூன்றையும் சட்டமாக எழுதி வைக்கும் தகுதியும் கடமையும் உண்டு.